கீழ்விரி பட்டியலில் தெரிவது பெயர், சேமிக்கப்படுவது எண்: ஆக்சஸ் காம்போ பாக்ஸ் செய்முறை விளக்கம்

தரவுத்தள மென்பொருளான மைக்ரோசாஃப்ட் ஆக்சஸில் முதன்முதலாகப் படிவம் அமைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். படிவத்தின் கீழ்விரி பட்டியலில் ‘தென்காசி’ என்று தேர்ந்தெடுத்துச் சேமித்துவிட்டு அட்டவணையைத் திறந்து பார்த்தால், அங்கே தென்காசி இல்லை. 7 என்ற எண் இருக்கிறது. தரவு கெட்டுவிட்டது என்று எண்ணி அந்தப் புலத்தை (அட்டவணையின் நெடுவரிசையை) எழுத்து வகைக்கு மாற்றிவிடுபவர்களும் உண்டு. உண்மையில் அந்த 7 தான் சரியான சேமிப்பு. அது எப்படி அங்கே வந்தது என்பதை ஒரு சிறிய நூலகத்தின் உறுப்பினர் பதிவேட்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு பார்ப்போம்.

முதல் படி: இரண்டு அட்டவணைகள்

‘மாவட்டங்கள்’ என்று ஓர் அட்டவணையை உருவாக்குங்கள். அதில் மாவட்ட_எண், மாவட்டப்_பெயர் என்று இரண்டு புலங்கள் போதும். மாவட்ட_எண், ஆக்சஸே தானாக எண் இடும் ஆட்டோநம்பர் வகையாகவும், ஒவ்வொரு வரியையும் தனித்து அடையாளம் காட்டும் முதன்மைச் சாவியாகவும் இருக்க வேண்டும். அடுத்து ‘உறுப்பினர்கள்’ என்ற அட்டவணையில் உறுப்பினர்_எண், பெயர் ஆகியவற்றுடன் மாவட்ட_எண் என்ற புலத்தையும் சேருங்கள். இங்கே அது ஆட்டோநம்பர் அன்று. நம்பர் வகை, அதன் அளவு லாங் இன்டீஜர் (முழு எண்). ஆட்டோநம்பரும் உள்ளுக்குள் லாங் இன்டீஜராகவே வைக்கப்படுவதால் இரண்டும் பொருந்த வேண்டும். பிறகு ரிலேஷன்ஷிப்ஸ் சாளரத்தில் இரு அட்டவணைகளையும் மாவட்ட_எண் வழியாக இணைத்து, ‘என்ஃபோர்ஸ் ரெஃபரென்ஷியல் இன்டெக்ரிட்டி’ என்ற கட்டத்தைத் தேர்வு செய்யுங்கள். உறுப்பினர்கள் இருக்கும் மாவட்டத்தை யாரும் தவறுதலாக நீக்கிவிடாமல் இது காக்கும்.

பெயரையே சேமித்தால் என்ன என்ற கேள்வி எழுவது இயல்பே. ஒருவர் காஞ்சிபுரம் என்றும் இன்னொருவர் காஞ்சீபுரம் என்றும் எழுதுவார். தூத்துக்குடியில் ஒற்று விடுபடும். மனிதருக்கு இவை ஒரே ஊர், கணினிக்கோ வெவ்வேறு எழுத்துத் தொடர்கள். எண்ணைச் சேமித்தால் பெயர் ஒரே ஓரிடத்தில் மட்டும் இருக்கும். அதில் உள்ள எழுத்துப்பிழையை ஒருமுறை திருத்தினால் எல்லா உறுப்பினர்களுக்கும் திருந்திவிடும். ஆனால் எண் எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 2019-இல் திருநெல்வேலியிலிருந்து தென்காசி தனி மாவட்டமானது போன்ற மாற்றம் வரும்போது, புதிய மாவட்டத்துக்கு ஒரு வரி சேர்ப்பதோடு வேலை முடிவதில்லை. அப்பகுதியைச் சேர்ந்த பழைய உறுப்பினர்களின் எண்ணையும் முகவரி பார்த்து மாற்றித்தான் ஆக வேண்டும்.

இரண்டாம் படி: காம்போ பாக்ஸை வைத்தல்

உறுப்பினர்கள் அட்டவணையை அடிப்படையாகக் கொண்ட படிவத்தை வடிவமைப்புக் காட்சியில் திறந்து, ஒரு காம்போ பாக்ஸை (கீழ்விரி பட்டியல் பெட்டியை) வையுங்கள். உதவிச் சாளரம் திறந்தால் அதை மூடிவிடுங்கள். அது நல்ல கருவிதான், ஆனால் முதல் முறையாவது பண்புகளைக் கையால் நிரப்பினால்தான் எந்தப் பண்பு என்ன செய்கிறது என்பது மனத்தில் நிற்கும்.

பண்புகளின் பெயர்களில் வரும் ‘காலம்’ என்பது நேரத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல் அன்று. நெடுவரிசைக்கான ஆங்கிலச் சொல் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

மூன்றாம் படி: பண்புகள்

‘ரோ சோர்ஸ்’ என்பது பட்டியலுக்கான வரிகள் எங்கிருந்து வருகின்றன என்பதைச் சொல்கிறது. அதன் அருகிலுள்ள மூன்று புள்ளிப் பொத்தானை அழுத்தி, மாவட்டங்கள் அட்டவணையிலிருந்து முதலில் மாவட்ட_எண், அடுத்து மாவட்டப்_பெயர் என்ற வரிசையில் இரு புலங்களையும் எடுத்து, பெயரின் அடிப்படையில் ஏறுவரிசையில் அடுக்குங்கள். ‘காலம் கவுண்ட்’ 2 என்று இருக்கட்டும். ‘காலம் விட்த்ஸ்’ பண்பில் 0;5 என்று இட்டால், முதல் நெடுவரிசையின் அகலம் சுழியமாகி எண் மறைந்துவிடும், பெயர் மட்டும் தெரியும். தேர்ந்தெடுத்த பின் பெட்டியில் எப்போதும் தெரிவது, மறைக்கப்படாத முதல் நெடுவரிசையே.

இதுவரை செய்தவை அனைத்தும் கண்ணுக்குத் தெரிவதைப் பற்றியவை. சேமிப்பைத் தீர்மானிப்பவை இரண்டே பண்புகள். ‘பவுண்ட் காலம்’ எந்த நெடுவரிசையின் மதிப்பை எடுக்க வேண்டும் என்பதையும், ‘கன்ட்ரோல் சோர்ஸ்’ அந்த மதிப்பை எந்தப் புலத்தில் வைக்க வேண்டும் என்பதையும் சொல்கின்றன. முன்னதில் 1 என்றும், பின்னதில் மாவட்ட_எண் என்றும் கொடுங்கள். கன்ட்ரோல் சோர்ஸ் காலியாக இருந்தால் எதைத் தேர்ந்தெடுத்தாலும் எங்கும் சேமிக்கப்படாது. பவுண்ட் காலம் 0 ஆக இருந்தால், நெடுவரிசையின் மதிப்புக்குப் பதிலாகப் பட்டியலில் அந்த வரி எத்தனையாவது இடத்தில் உள்ளது என்பது சேமிக்கப்படும். நாளை அகர வரிசையில் நடுவே ஒரு மாவட்டம் சேர்ந்தால் அதற்குப் பின்வரும் மாவட்டங்களின் பழைய பதிவுகள் அனைத்தும் வேறு மாவட்டத்தைக் காட்டும். நமது பதிவேட்டில் அந்தச் சுழியத்துக்கு இடமே இல்லை.

‘லிமிட் டு லிஸ்ட்’ பண்பு ‘யெஸ்’ என்று இருக்க வேண்டும். சேமிக்கப்படும் நெடுவரிசை மறைந்திருக்கும்போது ‘நோ’ என்று மாற்ற ஆக்சஸே அனுமதிக்காது. பட்டியலில் இல்லாத பெயரைத் தட்டச்சு செய்தால் அதற்கு இணையான எண் ஏதுமில்லை என்பதே காரணம். ‘டிஃபால்ட் வேல்யூ’ தருவதாக இருந்தால், அங்கேயும் தென்காசி என்று எழுதாமல் 7 என்றே எழுத வேண்டும்.

நான்காம் படி: சோதித்தல்

படிவத்தைத் திறந்து ஓர் உறுப்பினருக்கு மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். பதிவைச் சேமித்துவிட்டு உறுப்பினர்கள் அட்டவணையைத் திறந்து பாருங்கள். எண் தெரிந்தால் அமைப்பு சரி. அட்டவணையிலும் பெயரே தெரிந்தால், அந்தப் புலத்துக்கு, எண்ணுக்குப் பதில் பெயரைக் காட்டும் ‘லுக்அப்’ அமைப்பு இருக்கக்கூடும். அட்டவணையின் வடிவமைப்புக் காட்சியில் லுக்அப் தாவலுக்குச் சென்று, ‘டிஸ்ப்ளே கன்ட்ரோல்’ என்பதை ‘டெக்ஸ்ட் பாக்ஸ்’ என்று மாற்றினால் உண்மையில் உள்ளிருப்பது தெரியும். அட்டவணையில் லுக்அப் வைக்காமல், பட்டியலைப் படிவத்தில் மட்டும் வைப்பதே தொடக்கநிலையினருக்கு நல்லது என்பது என் உறுதியான கருத்து. லுக்அப் வைத்த அட்டவணையில் தென்காசி என்று கண்ணால் கண்டு, வினவலின் (வேண்டிய பதிவுகளைத் தேடி எடுக்கும் ‘க்வெரி’யின்) நிபந்தனையிலும் தென்காசி என்று எழுதுபவருக்குத் தரவு வகை பொருந்தவில்லை என்ற பிழைச் செய்தியே கிடைக்கும். வினவலில் இரு அட்டவணைகளையும் இணைத்து, மாவட்டப்_பெயர் புலத்தின் கீழ் நிபந்தனையை எழுதுவதே முறை.

மறைந்த நெடுவரிசைகளைப் பிற பெட்டிகளில் காட்ட விரும்பும்போது ஒரு குழப்பம் காத்திருக்கிறது. பவுண்ட் காலம் 1 முதல் எண்ணுகிறது. கோவைகளில் (மதிப்பைக் கணக்கிடும் ‘எக்ஸ்பிரஷன்’களில்) எழுதும் ‘காலம்’ பண்போ 0 முதல் எண்ணுகிறது. ஆகவே நமது பட்டியலில் மாவட்டப் பெயரை எடுக்க, கோவையின் அடைப்புக்குறிக்குள் 2 அன்று, 1 என்று எழுத வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. உறுப்பினரைத் தேடுவதற்கென்று படிவத்தின் மேற்பகுதியில் வைக்கும் காம்போ பாக்ஸுக்குக் கன்ட்ரோல் சோர்ஸ் கட்டாயம் காலியாக இருக்க வேண்டும். அதில் மாவட்ட_எண் போன்ற புலம் ஒன்று குறிக்கப்பட்டிருந்தால், தேடுவதாக நினைத்துத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு முறையும் திரையில் இருக்கும் உறுப்பினரின் பதிவு சத்தமில்லாமல் மாறிக்கொண்டே போகும்.

ஏற்கெனவே கலந்துவிட்ட பதிவேடு

ஒருமுறை என்னிடம் சீர்செய்ய வந்த பதிவேட்டில் மாவட்டப் புலம் எழுத்து வகையாக இருந்தது. தொடக்கத்தில் பெயர்களைத் தட்டச்சு செய்திருந்தார்கள். பிறகு யாரோ காம்போ பாக்ஸ் வைத்ததால் அதன்பின் எண்கள் சேர்ந்திருந்தன. எழுத்துப் புலம் எண்ணையும் எழுத்தாக ஏற்றுக்கொள்வதால் எந்தப் பிழைச் செய்தியும் வரவில்லை. பழைய உறுப்பினர்களைத் திறக்கும்போது மட்டும் பட்டியல் காலியாகத் தெரிந்தது.

இதைச் சரிசெய்ய, முதலில் கோப்புக்கு ஒரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்கள் அட்டவணையில் லாங் இன்டீஜர் வகையில் புதிய புலம் ஒன்றைச் சேர்த்து, அதன் இயல்பு மதிப்பைக் காலியாக விடுங்கள். ஒரு புதுப்பிப்பு வினவலில் பழைய புலத்தை மாவட்டப்_பெயருடன் இணைத்து, பொருந்தும் பதிவுகளுக்கு மாவட்ட_எண்ணைப் புதிய புலத்தில் நிரப்புங்கள். இரண்டாவது வினவலில், பழைய புலத்தில் எண்ணே இருக்கும் பதிவுகளை மட்டும் எடுத்து, ‘வால்’ (Val) என்ற செயற்கூற்றின் மூலம் உண்மையான எண்ணாக்கி நிரப்புங்கள். இதன் பிறகும் புதிய புலம் காலியாக உள்ளவை பெரும்பாலும் எழுத்துப்பிழையுள்ள பெயர்கள். அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த வேலை முடிந்து, காலியான பதிவு ஒன்றும் எஞ்சவில்லை என்று வினவலில் உறுதிசெய்த பின்னரே காம்போ பாக்ஸின் கன்ட்ரோல் சோர்ஸைப் புதிய புலத்துக்கு மாற்றிவிட்டுப் பழைய புலத்தை நீக்குங்கள்.