டப்பா வாங்குமுன் ஒரு கணக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு ஃபார்மசி கௌண்டரில் வேலை செய்கிறேன். இரவு கடை மூடியதும் நாலு கடை தள்ளி, மாடியில் இருக்கும் ஜிம்முக்குப் போவேன். அதனால் பல தம்பிகளை இரண்டு இடத்திலும் பார்க்கிறேன். பகலில் "அக்கா, எந்தப் புரோட்டீன் நல்லது?" என்று கேட்டவன், இரவில் அதே கேள்வியைப் பெஞ்சில் படுத்துக்கொண்டு கேட்பான்.

விற்கிறவளே இதைச் சொல்லக்கூடாது. இருந்தாலும் சொல்கிறேன். வாரத்தில் மூன்று நான்கு நாள் பளு தூக்கும் சாதாரண ஆளுக்கு, அலமாரியில் இருப்பவற்றில் கொடுத்த காசுக்குப் பலன் தருபவை மூன்றுதான்: புரோட்டீன் பவுடர், கிரியேட்டின், கஃபேன். இதில் கஃபேன் கோப்பிக் கடையிலேயே கிடைக்கிறது. புரோட்டீன் பலருக்குச் சாப்பாட்டிலேயே வந்துவிடும். எனவே டப்பாவைத் தொடுமுன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள்.

முதலில் தட்டைக் கணக்குப் பாருங்கள்

உங்கள் எடையை 1.6-ஆல் பெருக்குங்கள். 70 கிலோ என்றால் 112. ஒரு நாளைக்கு அத்தனை கிராம் புரதம் போதும். பளு தூக்குபவர்களை வைத்து நடந்த 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018-இல் வெளியான ஒரு கட்டுரை சொல்லும் அளவு இது. அதற்கு மேல் போனால் சராசரியாகத் தசை கூடுதலாக ஏறுவதில்லை என்பதுதான் அதன் முடிவு. ஜிம்மில் சிலர் கிலோவுக்கு மூன்று கிராம் என்று சொல்லித் திரிகிறார்கள். அதில் பலன் அடைவது என்னைப் போன்ற கடைக்காரர்கள்தான்.

இனி நேற்றுச் சாப்பிட்டதை எழுதுங்கள். எங்கள் பக்கம் செம்பனைக் குலை வெட்டப் போகும் ஒரு தம்பியின் நாள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். காலையில் இரண்டு ரொட்டி சானாய், பருப்புக் கறி, தே தாரேக் என்னும் பால் தேநீர். மதியம் ஒரு மலை சோறு, ஒரு கோழித்துண்டு, முட்டைக்கோஸ். சாயங்காலம் கோப்பியும் பிஸ்கட்டும். இரவு மேகி கோரேங், மேலே ஒரு முட்டை. வயிறு நிறைந்திருக்கும். புரதத்தைக் கூட்டினால் அறுபது, அறுபத்தைந்து கிராமைத் தாண்டாது. வேண்டியது 112. ஐம்பது கிராம் துண்டு விழுகிறது.

அந்த ஐம்பதை எப்படி நிரப்புவது? ஒரு முட்டையில் 6 கிராம். புளிக்க வைத்த சோயாவான தெம்பே நூறு கிராமில் 19 வரை. வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி நூறு கிராமில் 30. உள்ளங்கை அளவு கெம்பூங் மீனில் 20 பக்கம். ஒரு டம்ளர் பாலில் 8. ஈப்போவுக்குப் போனால் புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கி வருவோமே, அந்த வேர்க்கடலை நூறு கிராமில் 25. கடலையில் கொழுப்பும் கூடவே வரும், ஒரு பாக்கெட்டை ஒரே உட்காரலில் காலி செய்ய வேண்டாம். காலையில் மூன்று அவித்த முட்டை, மதியம் சோற்றைக் கொஞ்சம் குறைத்து ஒரு மீன், இரவு மேகிக்குப் பக்கத்தில் வறுத்த தெம்பே. கணக்கு முடிந்தது. டப்பா வேண்டாம்.

பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. "நாங்கதான் தினமும் பருப்பு சாப்பிடுறோமே அக்கா" என்பார்கள். வெந்த பருப்பு கெட்டியாக நூறு கிராம் இருந்தால் 7, 8 கிராம் புரதம். ரொட்டி சானாய்க்கு ஊற்றும் பருப்புக் கறியில் பாதிக்கு மேல் தண்ணீர்.

பவுடர் யாருக்கு

இப்போது காசுக் கணக்கு. எல்லா டப்பாவுக்கும் பொருந்தும் வழி இது. டப்பாவின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதை விட்டுவிட்டுப் பின்பக்கம் இரண்டு எண்ணை மட்டும் பாருங்கள்: ஒரு ஸ்கூப்பில் எத்தனை கிராம் புரதம், டப்பாவில் எத்தனை ஸ்கூப். 2.27 கிலோ டப்பா 300 வெள்ளி (ரிங்கிட்), அதில் 74 ஸ்கூப், ஸ்கூப்புக்கு 24 கிராம் என்று வையுங்கள். ஒரு ஸ்கூப் நாலு வெள்ளிக்குச் சற்று மேல். அதே 24 கிராமுக்கு நாலு முட்டை. முட்டை 45 காசு என்றால் ஒரு வெள்ளி எண்பது காசு. பாதிக்கும் குறைவு. அது மட்டுமில்லை, முட்டையைப் போலியாகச் செய்து ஆன்லைனில் விற்க முடியாது.

அப்படியும் பவுடர் வாங்கச் சொல்லி நானே அனுப்பும் ஆட்கள் உண்டு. செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, அறை வாடகைக்கு எடுத்துத் தங்கி அடுப்பே இல்லாதவர்கள். பல் போய், பசி குறைந்து, ஆனால் டாக்டர் சொல்லி டம்பெல் தூக்க வரும் அறுபது வயது அங்கிள்கள். அப்புறம் தைப்பூச விரதக்காரர்கள்.

இந்த விரத விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆண்டுதோறும் டிசம்பர் பிறந்தால் இதே கேள்விதான். ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் காவடி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் நாற்பத்தெட்டு நாள் சைவம் இருப்பார்கள். கோழி, மீன், முட்டை மூன்றும் ஒரே நாளில் நின்றுவிடும். சாப்பிடுவது சோறு, சாம்பார், உருளைக்கிழங்கு. புரதம் நாற்பது கிராமுக்கு இறங்கிவிடும், பாதி விரதத்தில் "பலமே இல்லை அக்கா" என்று வருவார்கள். தௌஹு (சோயாப் பாலைத் திரித்த கட்டி), தெம்பே, தயிர், கொண்டைக்கடலை இவற்றை நாளுக்கு மூன்று வேளை பிரித்து வைத்தாலே பாதி சரியாகும். மீதிக்கு ஒரு ஸ்கூப் போடலாம். வே புரோட்டீன் என்பது பாலைச் சீஸாக்கும்போது பிரிந்து வரும் நீரிலிருந்து எடுப்பது, ஆகவே பால் பொருள்தான். ஆனால் பாலைத் திரிய வைக்கச் சில ஆலைகளில் கன்றின் வயிற்றிலிருந்து எடுத்த நொதி சேர்ப்பார்கள். அது மனதை உறுத்தும் என்றால் சோயா அல்லது பட்டாணிப் புரோட்டீன் வாங்குங்கள். மாத்திரை உறைகளையும் பாருங்கள். ஜெலட்டின் என்று இருந்தால் அது பெரும்பாலும் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ வந்ததாக இருக்கும்.

வே குடித்தால் வயிறு ஊதுகிறது என்பவர்களுக்குப் பெரும்பாலும் பால் சர்க்கரை ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம். ஐசோலேட் என்று போட்ட வகையில் அது மிகக் குறைவு, விலை கூடுதல். எடுத்த எடுப்பில் அதை வாங்க வேண்டியதில்லை. ஸ்கூப்பை இரண்டாகப் பிரித்துக் காலையும் மாலையும் குடித்துப் பாருங்கள். பயிற்சி முடிந்த அரை மணிக்குள் குடிக்காவிட்டால் எல்லாம் வீண் என்பதையும் நம்ப வேண்டாம், ஒரு நாளின் மொத்தம்தான் முக்கியம். லாக்கர் அறையில் ஷேக்கரைக் குலுக்கிக்கொண்டு ஓடுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

கிரியேட்டின்: மலிவானதை வாங்குங்கள்

அலமாரியில் இருப்பதிலேயே நான் தயங்காமல் எடுத்துக் கொடுப்பது இதுதான். அதிகம் ஆராயப்பட்டது, விலையும் தாங்கும். நம் உடம்பே இதைக் கொஞ்சம் உண்டாக்குகிறது. மீனிலும் இறைச்சியிலும் இருக்கிறது, ஆனால் ஒரு கிலோ இறைச்சி தின்றால்தான் 5 கிராம் பக்கம் வரும். தசையில் சேர்ந்து, சட்டென்று பலம் போடும் வேலைக்குக் கை கொடுக்கும். எட்டு முறை தூக்கிக் கை விட்டவர் ஒன்பது, பத்து என்று போகலாம். அந்த ஒன்றிரண்டு மாதக்கணக்கில் சேர்ந்துதான் தசையாகிறது. ஓடுபவர்களுக்கு இதனால் பெரிய லாபமில்லை.

தினம் 3 முதல் 5 கிராம். எந்த நேரமானாலும் பரவாயில்லை, ஜிம் இல்லாத நாளிலும் எடுக்க வேண்டும். முதல் வாரம் 20 கிராம் 'லோடிங்' செய்யச் சொல்வார்கள். செய்தால் சீக்கிரம் நிரம்பும். செய்யாவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் அதே இடத்துக்கு வந்துவிடும், வயிற்றுப்போக்குத் தொல்லையும் இல்லை. 'மோனோஹைட்ரேட்' என்று மட்டும் எழுதியிருக்கும் சாதா பவுடரை வாங்குங்கள். பெயருக்குப் பின்னால் வேறு எழுத்துகள் சேர்ந்து இரண்டு மடங்கு விலை போட்ட வகைகள் இதைவிடச் சிறந்தவை என்று நிரூபணமாகவில்லை. தொழிற்சாலையில் வேதிப்பொருளிலிருந்து செய்வதால் விரதக்காரர்களுக்கும் தடையில்லை. சொல்லப்போனால் சைவ உணவுக்காரர்களின் தசையில் இது குறைவாக இருப்பதால் அவர்களுக்குப் பலன் கூடுதலாகத் தெரியலாம்.

எடை ஒன்று, இரண்டு கிலோ ஏறும். அது தசைக்குள் சேரும் தண்ணீர். பெண்கள் இதைப் பார்த்துப் பயந்து நிறுத்துகிறார்கள், நிறுத்தத் தேவையில்லை. முடி கொட்டும் என்ற பேச்சு 2009-இல் தென்னாப்பிரிக்காவில் சில ரக்பி ஆட்டக்காரர்களிடம் செய்த ஒரு சிறிய ஆய்விலிருந்து கிளம்பியது. அதில் ஒரு ஹார்மோன் கூடியதைத்தான் அளந்தார்கள், முடியை யாரும் எண்ணவில்லை.

சிறுநீரக விஷயம் வேறு. இதில் விளையாடக் கூடாது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நம் இந்தியர்களிடையே அந்த விகிதம் இன்னும் மேலே. பலருக்கு இருப்பதே தெரியாது, சர்க்கரையோ சிறுநீரகத்தைத்தான் சத்தமில்லாமல் அரிக்கும். அப்பா அம்மா யாருக்காவது சர்க்கரை, இரத்த அழுத்தம் இருந்தால், புரோட்டீனோ கிரியேட்டினோ தொடங்குமுன் கிளினிக் கெசிஹாத்தானில் (அரசு சுகாதார நிலையம்) இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு வெள்ளி. முன்னூறு வெள்ளி டப்பாவுக்கு முன்னால் ஒரு வெள்ளி. ஆரோக்கியமான சிறுநீரகத்துக்கு இந்த அளவுகளால் கெடுதி வந்ததாக ஆய்வுகள் காட்டவில்லை, ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்துக்கு டாக்டரைக் கேட்காமல் எதுவும் கூடாது. பின்னொரு நாள் பரிசோதனைக்குப் போனால் கிரியேட்டின் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அது உடைந்து வரும் கிரியேட்டினின்தான் சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் எண். பவுடரால் அது சற்றுக் கூடுதலாகக் காட்டி வீண் பயம் தரலாம்.

ப்ரீ-வொர்க்கவுட்

பயிற்சிக்கு முன் தெம்புக்காகக் குடிக்கும் பவுடர் இது. இதில் வேலை செய்வது பெரும்பாலும் கஃபேன்தான். முகமும் காதும் குறுகுறுப்பது இதில் சேர்க்கும் பீட்டா-அலனின் என்ற அமினோ அமிலத்தால், அதைப் பார்த்து "வேலை செய்யுது" என்று நினைக்க வேண்டாம். ஒரு ஸ்கூப்பில் 200, 300 மில்லிகிராம் கஃபேன் சாதாரணமாக இருக்கும், ஆரோக்கியமான பெரியவருக்கு நாள் முழுதுக்குமான வரம்பே 400. ஏற்கெனவே நாலு தே தாரேக் குடித்தவர் அதையும் சேர்க்க வேண்டும். தண்ணீர் கலக்காமல் பவுடரை வாயில் கொட்டும் வித்தையை வீடியோவில் பார்த்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். மூச்சுக்குழாயில் போகும், நெஞ்சு படபடக்கும். செய்யாதீர்கள். சர்க்கரையும் பாலும் இல்லாத ஒரு கோப்பி ஓ கோசோங், ஜிம்முக்கு முக்கால் மணி நேரம் முன்பு. முடிந்தது.

ஆனால் இரவு எட்டு மணிக்குத் தூக்குபவர் அதையும் யோசிக்க வேண்டும். குடித்த கஃபேனில் பாதி ஐந்து மணி நேரம் கழித்தும் உடம்பில் இருக்கும். விடியற்காலை ஐந்துக்குப் பெரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும் நேரம்) எழ வேண்டியவருக்குத் தூக்கம்தான் பெரிய சப்ளிமெண்ட்.

விட்டுவிட வேண்டியவை

பிசிஏஏ, அதாவது தசைக்கென்று தனியாக விற்கும் மூன்று அமினோ அமிலங்கள்: புரதம் போதுமான அளவு சாப்பிடுபவருக்குத் தேவையில்லை, அதே அமினோ அமிலங்கள் முட்டையிலேயே இருக்கின்றன. எடை கூட்டும் மாஸ் கெய்னர் பவுடர்: பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின், அதாவது இரத்தத்தில் சர்க்கரையாக விரைந்து ஏறும் மாவு. சர்க்கரைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதை நான் கொடுப்பதில்லை. ஒல்லியானவர் சோற்றோடு வாழைப்பழமும் கடலையும் பாலும் சேர்த்தாலே போதும்.

கொழுப்புக் கரைப்பான், ஸ்லிம்மிங் கோப்பி, ஆண்மைக் கோப்பி மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தள்ளிவையுங்கள். இப்படிப்பட்ட பொருள்களில் லேபிளில் சொல்லாத மருந்துகள் திரும்பத் திரும்பப் பிடிபடுகின்றன. மெலிவதற்கென்று விற்பதில் சிபுட்ரமின், மாரடைப்பும் பக்கவாதமும் கூடுகிறது என்று 2010-இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் கைவிட்ட மருந்து. ஆண்மைக்கென்று விற்கும் தொங்காட் அலி மூலிகைக் கோப்பிகளில் சில்டெனாஃபில், தடாலாஃபில் என்ற ஆண்மைக் குறைவு மருந்துகள். நெஞ்சு வலிக்கு நாக்கின் கீழ் மாத்திரை வைக்கும் அப்பா, மகன் வாங்கி வைத்த அந்தக் கோப்பியைத் தெரியாமல் குடித்தால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்து. தசை ஏற்றும் ஸ்டீராய்டு ஊசி பற்றிக் கேட்கிறவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான்: டாக்டர் சீட்டு இல்லாமல் அது இங்கே சட்டப்படி விற்கக்கூடாத பொருள், பேச்சை மாற்றுங்கள்.

வாங்கும்போதும், வாங்கிய பிறகும்

மாத்திரை, கேப்சூல் வடிவில் வரும் சத்துப் பொருளுக்கு 'எம்ஏஎல்' (MAL) என்று தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதற்குப் பின் எட்டு இலக்கம், கடைசியில் 'என்' (N) என்ற எழுத்து வந்தால் சத்துப் பொருள், 'டி' (T) என்றால் பாரம்பரிய மருந்து. கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும். எண்ணை, மருந்துகளைப் பதிவு செய்யும் அரசு அமைப்பான என்பிஆர்ஏ (NPRA) இணையத்தளத்தில் தட்டி, வரும் பெயரும் டப்பாவில் இருக்கும் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். வேறு பொருளின் எண்ணைத் திருடி அச்சடிப்பதும் நடக்கிறது. புரோட்டீன் பவுடரில் இந்த எண் இல்லையே என்று பயப்பட வேண்டாம். அது பொதுவாக உணவுச் சட்டத்தின் கீழ் வருகிறது. அதில் மலேசிய இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருள் பட்டியல், காலாவதித் தேதி இவற்றைத் தேடுங்கள். பாசார் மாலாம் (இரவுச் சந்தை) மேசையில் லேபிள் இல்லாத பிளாஸ்டிக் பையில் நிறுத்துக் கொடுக்கும் பவுடரை, விலை எவ்வளவு குறைந்தாலும் வாங்காதீர்கள்.

பெரிய டப்பா மலிவு என்று இரண்டு பேர் பங்கு போட்டு வாங்குவது நல்ல யோசனை. ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் திறந்த பவுடர் சீக்கிரம் கட்டி தட்டும். மோட்டார் கூடையிலும் கார் சீட்டிலும் வெயிலில் விடாதீர்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். ஈரக் கையால் ஸ்கூப்பைத் தொடாதீர்கள். எறும்புக்கு இந்தச் சாக்லேட் வாசனை ரொம்பப் பிடிக்கும், மூடியை இறுக்கித் தண்ணீர்த் தட்டில் வையுங்கள். கிரியேட்டின் கட்டி தட்டினால் உடைத்துப் போடலாம், கெடுவதில்லை. புரோட்டீன் கட்டி தட்டி வாடையும் மாறியிருந்தால் கொட்டிவிடுங்கள்.