மலைக்கிராமப் பள்ளிக்கு உதவ நினைக்கும் வடசென்னைச் சபைகளுக்கு ஒரு வழிகாட்டி

ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி வட்டாரத்து ஆலயங்களில் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுவாரம், பூசணிக்காயும் வாழைத்தாரும் உயிர்க்கோழியும் ஏலம் போன பணம் மிஷன் கமிட்டியின் மேசைக்கு வந்து சேரும். அதில் ஒரு பங்கை மலைக்கிராமப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுக்கலாம் என்று யாராவது ஒருவர் சொல்வார். மறுப்பவர் எவரும் இருக்கமாட்டார். எப்படிக் கொடுப்பது என்ற கேள்வி எழும்போதுதான் பேச்சு தடுமாறும். பல ஆண்டுகள் இந்தக் கணக்கைப் பார்த்தவன் என்ற முறையில், புதிதாகத் தொடங்கும் கமிட்டிகளுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் நாங்கள் செய்த தவறு. நோட்டுப் புத்தகமும் பழைய துணியும் சேர்த்து, டெம்போ பிடித்து, ஜவ்வாது மலையில் ஒரு சிற்றூருக்குக் கொண்டுபோய் இறக்கினோம். பள்ளிப் பிள்ளைகளிடம் நோட்டு ஏற்கெனவே இருந்தது; துணிகளில் பாதி உடுத்தத் தகாதவை. வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தபோது, டெம்போ வாடகையும் எங்கள் சாப்பாட்டுச் செலவும் சேர்ந்து, கொடுத்த பொருளின் மதிப்பைத் தாண்டியிருந்தன. தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் பாடநூல், நோட்டு, சீருடை, புத்தகப்பை, காலணி ஆகியவை விலையில்லாமல் கிடைக்கின்றன. மதிய உணவு நெடுங்காலமாக உண்டு. 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023இல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. ஆகவே மூட்டை கட்டுவதற்கு முன்பு, அந்தப் பள்ளிக்கு எவை ஏற்கெனவே வருகின்றன, எவை வரவேண்டியிருந்தும் வந்து சேரவில்லை என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

குறை வேறு இடங்களில் இருக்கிறது. ஜவ்வாது, கல்வராயன், சித்தேரி, கொல்லி மலைகளில் வாழும் மலையாளிப் பழங்குடியினரின் குடியிருப்புகள் தள்ளித்தள்ளிச் சிதறிக் கிடப்பவை. ஐந்தாம் வகுப்பு வரை ஊருக்கு அருகில் படித்த பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு மலைப்பாதையில் நடக்க வேண்டும் அல்லது விடுதியில் சேர வேண்டும். பெண் பிள்ளைகளின் படிப்பு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் அறுகிறது. சாமை அறுவடை முடிந்தபின் குடகுக்கும் கேரளத்துக்கும் தோட்ட வேலைக்குப் போகும் குடும்பங்கள் பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்வதுண்டு. திரும்பி வரும்போது பாடம் பல அத்தியாயங்கள் ஓடியிருக்கும். பேருந்து வராத நாளில் அடிவாரத்திலிருந்து வரும் ஆசிரியரும் வரமாட்டார். இவை மூன்றையும் நோட்டுப் புத்தகம் தீர்க்காது. மலையிலேயே குடியிருக்கும் ஒரு ஆள் தீர்க்கக்கூடும்.

ஆகவே ஒரு சபையால் செய்யக்கூடியவற்றில் மிக உறுதியானது, அந்த ஊரிலேயே பன்னிரண்டாம் வகுப்பு முடித்த ஒரு பெண்ணையோ இளைஞரையோ மாலை நேரப் படிப்பகத்தின் ஆசிரியராக வைத்து, அவருக்கு மாதம் தவறாமல் சம்பளம் கொடுப்பது என்பதே என் துணிபு. பகலில் பள்ளிக்குப் போன பிள்ளைக்கு மாலையில் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் கணக்குப் போடவும் துணை கிடைக்கிறது; வேலைக்குப் போய்த் திரும்பிய பிள்ளை விட்ட பாடத்தைப் பிடித்துக்கொள்கிறது; எந்த வீட்டுப் பிள்ளை ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லை என்பது, யாரும் கேட்காமலேயே அவருக்குத் தெரிந்திருக்கிறது. கட்டடம் கட்டித் தருகிறோம் என்று சிலர் முன்வருவார்கள். கல்வெட்டில் பெயர் இருக்கும் என்பதால் கட்டடத்துக்குப் பணம் எளிதில் சேரும், சம்பளத்துக்குச் சேராது. இதைச் சபையாருக்கு எடுத்துச் சொல்வது மிஷன் கமிட்டிச் செயலரின் வேலை.

இப்போது பணத்துக்கு வருவோம். 60 குடும்பங்கள் மாதம் 200 ரூபாய் வீதம் உறையில் போட்டால் மாதத்துக்கு 12,000 ரூபாய், ஆண்டுக்கு 1,44,000 ரூபாய். தாளில் இது சரியாக இருக்கும். ஆனால் காசிமேட்டை அண்டிய சபைகளில், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்க, காணிக்கையும் குறையும். மலையில் புதிய கல்வியாண்டுச் செலவுகள் தலைகாட்டுவதும் அந்த ஜூன் மாதத்தில்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னை வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, உண்டியல் பணமெல்லாம் உள்ளூர் நிவாரணத்துக்குத் திரும்பியது, அது முறையும்கூட. ஆகவே முதல் ஆண்டில் வசூலாகும் பணத்தில் மூன்று மாதச் சம்பளத்துக்கு ஈடான தொகையைத் தனியாக வங்கியில் இருப்பு வைத்துவிட்டு, பிறகே ஆசிரியருக்கு வாக்குக் கொடுங்கள். சபைப் பெண்களின் அமைப்பான பெண்கள் ஐக்கிய சங்கத்தார் வீட்டில் உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து வைத்து, சேர்ந்ததைப் பணமாக்கிக் காணிக்கை கொடுக்கும் பழைய வழக்கம் சில சபைகளில் இன்னும் இருக்கிறது. தொகை சிறிது, ஆனால் மாதாமாதம் நிற்காமல் வருவதால் இந்த வேலைக்கு அதுவே ஏற்றது.

வெளிநாட்டில் இருக்கும் உறவினர் அனுப்புகிறேன் என்று சொன்னால் நிதானமாக இருங்கள். இந்தியக் குடியுரிமை வைத்திருப்பவர் தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தருவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டால், ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டுப் பணம்தான். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, அதற்கெனப் பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே அதைப் பெறலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு, புது தில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையின் குறிப்பிட்ட கணக்கில்தான் அது வரவேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. பாஸ்டரேட்டின் (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபையின்) சாதாரணக் கணக்கில் ஒரு டாலர் விழுந்தாலும் சிக்கல். அதற்கு ஆசைப்படாமல் இருப்பது நல்லது. 1903இல் திருநெல்வேலியில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கமும் 1905இல் செராம்பூரில் உருவான தேசிய மிஷனரி சங்கமும் இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற உறுதியோடு இறங்கியவை. அந்த வழி இன்றும் திறந்திருக்கிறது. உள்ளூர் நன்கொடைக்கு வரிச்சலுகை கேட்பவரிடம், அதற்கான பதிவு உள்ள அறக்கட்டளையின் ரசீதாக இருக்க வேண்டும் என்பதையும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை இல்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

பணித்தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ஏற்கெனவே அங்கே வேலை செய்யும் மிஷன் அமைப்போடு சேர்ந்துகொள்வது எளிது. அவர்களிடம் மூன்று ஆண்டுத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. அவர்கள் பிள்ளைகளைத் தங்கவைக்கும் விடுதி நடத்துகிறார்கள் என்றால், தமிழ்நாட்டின் 2014ஆம் ஆண்டு விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் இருக்கிறதா என்று தாளைப் பார்த்தபின்பே ஒரு ரூபாய் கொடுங்கள். உரிமம் இல்லாத விடுதிக்குப் பணம் கொடுக்க வேண்டாம், நடத்துபவர் எவ்வளவு பக்தியுள்ளவராக இருந்தாலும். அரசுப் பள்ளிக்கு நேரடியாக உதவுவதென்றால், தலைமை ஆசிரியர் வழியாகவும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும் செல்லுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். அவர்களில் இரண்டு தாய்மாரோடு அரைமணி நேரம் பேசினால், அறிக்கைகளில் வராத செய்திகள் வரும்.

மற்றொன்றையும் தொடக்கத்திலேயே எழுத்தில் வைத்துவிட வேண்டும்: படிப்பகத்துக்கு வரும் பிள்ளை ஜெபத்தில் கலந்துகொள்ள வேண்டும் என்றோ, பெற்றோர் ஆலயத்துக்கு வரவேண்டும் என்றோ நிபந்தனை இல்லை. அரசியலமைப்பின் 28ஆம் உறுப்பு, அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் கல்வி நிலையத்தில், சிறுவரின் பாதுகாவலர் சம்மதம் இல்லாமல் மத போதனைக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. நமது படிப்பகம் அந்த வரையறைக்குள் வராவிட்டாலும் அதே நியாயம் பொருந்தும். கிறிஸ்துவின் அன்பினால் இதைச் செய்கிறோம் என்று ஊராரிடம் ஒளிக்காமல் சொல்லலாம். அந்த அன்புக்கு விலை கேட்கும் நாளில் ஊர் நம்மை நம்பாது, நம்பவும் கூடாது.

கொல்லிமலையில் மிஷனரி ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவலினும் 1913 அளவில் குடியேறிய வரலாற்றைச் சபையில் அடிக்கடி சொல்வோம். அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்றவர், 1914இல் பிறந்து, சிறுவயதில் அந்த மலையில்தான் வளர்ந்தார். ஜெஸ்ஸி 1929இல் காய்ச்சலால் அங்கேயே இறந்தார். எவலின் முதுமையிலும் மலைகளை விடாமல் உழைத்து 1974இல் காலமானார். பிரசங்கத்தில் இதைத் தியாகக் கதையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறோம். அவர்கள் பள்ளியை மட்டும் திறக்கவில்லை, மருந்து கொடுத்தார்கள், பயிர்த்தொழிலும் கைத்தொழிலும் கற்றுக்கொடுத்தார்கள் என்பதுதான் ஒரு கமிட்டி கவனிக்க வேண்டிய பகுதி. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை பாடம் படிக்காது.

நம் அளவில் அதற்கு ஈடானது, சான்றிதழ் வேலை. பழங்குடியினர் சாதிச் சான்றிதழைத் தமிழ்நாட்டில் கோட்டாட்சியர் வழங்குகிறார். அது இல்லாமல் உதவித்தொகையும் மேற்படிப்பு ஒதுக்கீடும் கைக்கு வராது. ஒரு நாள் கூலியை விட்டு அடிவாரத்து அலுவலகத்துக்குப் போய், ஒரு தாள் குறைகிறது என்று திரும்பி, மறுபடியும் போவதற்குள் பல பெற்றோர் கைவிட்டுவிடுவார்கள். பேருந்துக் கட்டணத்தையும், விண்ணப்பம் நிரப்பத் தெரிந்த ஒருவரின் ஒரு நாளையும் நாம் கொடுத்தால் போதும். நமது சபைகளில் ஓய்வுபெற்ற துறைமுக அலுவலர்களும் ரயில்வே எழுத்தர்களும் நிறைய இருக்கிறார்கள்; படிவம் என்றால் அவர்களுக்குத் தனி உற்சாகம்.

பொருளாகத்தான் கொடுப்போம் என்று சபையார் பிடிவாதம் பிடித்தால், குளிர்காலத்துக்கு முன்பு ஸ்வெட்டரும், மின்சாரம் அடிக்கடி போகும் ஊருக்குச் சூரிய ஒளி விளக்கும் பயனுள்ளவை. எழுதுபொருள் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் மலிவுதான். ஆனால் ஏற்றுக்கூலியைச் சேர்த்துப் பார்த்தால் திருப்பத்தூரிலோ போளூரிலோ வாங்குவது பெரும்பாலும் இலாபம், அந்த ஊர்க் கடைக்காரருக்கும் வியாபாரம்.

போய்ப் பார்ப்பது ஆண்டுக்கு ஒரு முறை, நான்கு பேருக்கு மேல் வேண்டாம். பேருந்து நிறைய ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், அது சுற்றுலாவாகிவிடும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. யாரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. ஐயம் எழுந்தால் குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குத் தெரிவிக்க வேண்டும். இந்த மூன்றையும் புறப்படுவதற்கு முன்பே படித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், போதகர் ஐயாவிடமும்தான். சென்ட்ரலிலிருந்து மாலையில் புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் ஜோலார்பேட்டை போய், இரவு திருப்பத்தூரில் தங்கி, காலையில் ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலையிலுள்ள ஜமுனாமரத்தூருக்கு ஏறலாம். அங்கே இறங்கியவுடன், மலையிலிருந்து கீழே போகும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று நடத்துநரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டு, அதன்பின் ஊருக்கு நடக்கத் தொடங்குங்கள்.