கயாக் வாங்குமுன் இஸ்தோப்பை அளந்துகொள்ளுங்கள்

கடல் கயாக், அதாவது துடுப்புப் போட்டு ஓட்டும் ஒடுங்கிய படகு, வழமையாக 16, 17 அடி நீளம். நம்ம லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) இஸ்தோப்பில், அந்த முன் விறாந்தையில், அது எங்கே அடங்கும்? கடைக்குப் போகுமுன் அளவுநாடாவை எடுங்கள். சுவருக்குச் சுவர் அளந்தால் மட்டும் போதாது, வாசலில் திரும்பும் இடத்தையும் அளக்க வேண்டும். நான் அதை மறந்து, இரவல் வாங்கிய கயாக்கை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளினேன்.

13, 14 அடிக்குள் பாருங்கள். வேகம் கொஞ்சம் குறையும், ஆனால் சட்டென்று திரும்பும். முன்னும் பின்னும் தண்ணீர் புகாத தடுப்பறைகள் இரண்டும் கட்டாயம் இருக்க வேண்டும். நடுவில் தண்ணீர் நிறைந்தாலும் கயாக்கை மிதக்க வைப்பவை அவைதான். ஒன்றுதான் இருக்கிறதா? காசல்ரீ நீர்த்தேக்கத்தின் கரையோரத்துக்குச் சரி, திருகோணமலைக் கடலுக்கு வேண்டாம்.

அடுத்தது எடை. ரோட்டிலிருந்து லயத்துக்குப் படியேறித் தூக்கப்போவது நீங்கள்தானே. பொலிஎதிலீன் வகை விலை குறைவு, அடி தாங்கும், ஆனால் பாரம். ஃபைபர்கிளாஸ் இலேசு, ஆனால் கல்லில் மோதினால் வெடிப்பு விழும். எதுவானாலும் கடையிலேயே தோளில் வைத்து ஐம்பது அடி நடந்து பாருங்கள்.

வீட்டில் அகலமான பட்டி இரண்டில் தொங்கவிடுங்கள். மெல்லிய கயிறு என்றால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் குழிந்துவிடும். அப்புறம், நம்ம ஊர் ஈரத்துக்குத் தடுப்பறை மூடிகளை இறுக்கி வைத்தால் உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், திறந்தே வையுங்கள்.