ஒரு நம்பிக்கையை எந்த அளவையால் அளப்பது?

திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டில், சந்திர கிரகணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதே அம்மா ஒரு கட்டளை போட்டார். ஐந்து மாதக் கர்ப்பிணியான என் தங்கை அன்றிரவு அறையை விட்டு வெளியே வரக் கூடாது; வந்தால் பிள்ளைக்கு உதடு பிளவுபடும் என்றார். கிரகணம் விடும் வரை அவளுக்குச் சோறும் தண்ணீரும் கிடையாது. இதெல்லாம் மூடநம்பிக்கை என்று தம்பி கொதித்தான். அதற்கு அம்மா கேட்டார்: "பஞ்சாங்கத்தில் போட்ட நேரத்துக்குக் கிரகணம் பிடிக்கிறதா இல்லையா? அது சரி என்றால் இது மட்டும் எப்படித் தப்பாகும்?"

மத நம்பிக்கையைத் தருக்கத்தாலும் அறிவியலாலும் எடைபோட முடியுமா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. நம்பிக்கை என்பது பல வாக்கியங்கள் சேர்ந்த ஒரு கட்டு. அந்தக் கட்டை அவிழ்த்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியே தாளில் எழுதிக்கொள்வதே முதல் வேலை. நம்புகிறவரின் சொற்களிலேயே எழுதி, அவரிடம் படித்துக் காட்டி, "ஆம், இதைத்தான் சொல்கிறேன்" என்று அவர் ஒப்பிய பிறகே மேலே செல்ல வேண்டும்.

கண்ணால் காணவோ கருவியால் அளக்கவோ கூடிய ஒன்றைப் பற்றிப் பேசும் வாக்கியத்தைத் தயங்காமல் அறிவியலிடம் கொண்டுபோகலாம். அம்மாவின் முதல் வாக்கியம் அத்தகையது. அது சோதனையில் பெருமையோடு தேறியும் இருக்கிறது. சூரியனை வெள்ளி கடப்பதைக் காண்பதற்காகப் புதுச்சேரிக்கு வந்து, 1769 ஜூனில் மேகம் மறைத்ததால் ஏமாந்துபோன பிரெஞ்சு வானியலர் லெ ஜாந்தீ, இங்கே தங்கியிருந்த நாள்களில் தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். 1765 ஆகஸ்டு 30ஆம் நாள் சந்திர கிரகணத்துக்கு அம்முறை காட்டிய கால அளவு 41 விநாடி மட்டுமே குறைந்திருந்தது. ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட ஜெர்மன் வானியலர் டோபியாஸ் மாயரின் அட்டவணைகளோ 68 விநாடி கூடுதலாகக் காட்டின.

ஆனால் கணக்கின் வெற்றி கணக்குக்கே உரியது. ஒரே பஞ்சாங்கத்தில் அச்சாகியிருப்பதாலேயே அது இன்னொரு வாக்கியத்துக்குச் சாட்சி ஆகிவிடாது. "கிரகணத்தில் வெளியே வந்தால் பிள்ளைக்கு உதடு பிளவுபடும்" என்பது தனி வாக்கியம். அதற்குத் தனிச் சோதனை வேண்டும். கருவின் மேலுதடு ஏறத்தாழ 4 முதல் 7 வாரங்களுக்குள் உருவாகி முடிந்துவிடுகிறது என்று மருத்துவம் காட்டுகிறது. ஆகவே ஐந்தாம் மாதத்தில் வரும் கிரகணம், முன்பே கூடி முடிந்த உதட்டைப் பிளக்க வழியில்லை. கர்ப்பிணியைப் பல மணி நேரம் தண்ணீர் இல்லாமல் வைத்திருப்பதால் வரும் கேடுதான் உண்மையான கேடு.

இதன் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும்: ஒரு வாக்கியம் தோற்றால் கட்டு முழுவதும் தோற்றதாகாது. காரைக்காலை அடுத்த திருநள்ளாற்றுக்கு மேலே வரும் செயற்கைக்கோள்கள் 3 விநாடி நின்றுவிடுவதாக ஒரு செய்தி ஓயாமல் சுற்றுகிறது. தாழ்வான பாதையில் சுற்றும் செயற்கைக்கோள் விநாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் அதை விழாமல் வைத்திருக்கிறது. 3 விநாடி பிந்தினாலே அது இருக்க வேண்டிய இடத்துக்கு 22 கிலோமீட்டர் பின்னால் கிடக்கும். கண்காணிக்கிற எவருக்கும் அது தெரிந்துவிடும். செய்தி பொய்தான். ஆயினும் செயற்கைக்கோள் என்ற சொல் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே நள தீர்த்தத்தில் முழுகி எழுந்தவர்களின் பக்தி இந்தச் செய்தியை நம்பி நிற்கவில்லை. பக்திக்கு முட்டுக்கொடுக்க அறிவியலின் பெயரை இரவல் வாங்குகிறவர்கள் இரண்டுக்கும் தீங்கு செய்கிறார்கள் என்றே நான் கருதுகிறேன்.

கருவிக்கு எட்டாதவற்றைத் தருக்கத்திடம் ஒப்படைக்க வேண்டும். இதில் நமக்குக் கூச்சம் தேவையில்லை. தோன்றி நின்று அழியும் உலகுக்கு ஒரு முதல்வன் உண்டு என்று அனுமானத்தால், அதாவது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்தறியும் வழியால், நிறுவ முயன்ற சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் பெண்ணாடத்தில் பிறந்தவர். தம் கொள்கையை நிறுவப் புகுமுன் காட்சி, கருதல், உரை என்று அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வழிகளை, வகுத்து, கண்ணால் காண்பதையே ஏற்கும் உலகாயதர் உள்ளிட்டோரின் வாதங்களையும் எடுத்துவைத்து மறுத்த அருணந்தி சிவம் பண்ருட்டிப் பக்கத்துத் திருத்துறையூர்க்காரர். குடத்துக்குக் குயவன் இருப்பதுபோல் உலகுக்கும் ஒருவன் உண்டு என்பவரிடம், குடம் வனைவதைப் பார்த்திருக்கிறோம், உலகம் வனையப்படுவதை யார் பார்த்தார் என்று கேட்கலாம். பகுதிகள் தோன்றி அழிவதால் முழுமையும் அப்படித்தான் என்று கொள்ளலாமா என்றும் கேட்கலாம். எனக்கு அந்தத் தாவல் ஏற்புடையதாக இல்லை. ஆனால் அது ஆய்வுக்கூடத்தில் தீரும் வழக்கு அன்று.

ஒரே முறை நடந்ததாகச் சொல்லப்படுவதைத் திரும்ப நடத்திப் பார்க்க முடியாது. அங்கே சாட்சியைத்தான் எடைபோட வேண்டும். கல்லில் கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரையேறிய இடம் என்று கடலூரில் கரையேறவிட்டகுப்பத்தைக் காட்டுகிறோம். அதை விரித்துச் சொல்லும் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டினர். அப்பரோ 7ஆம் நூற்றாண்டினர். அப்பர் வாக்கையே பார்த்தால், நமச்சிவாயப் பதிகத்தில் வரும் "கடலிற் பாய்ச்சினும்" என்பது "பாய்ச்சினாலும்" என்ற பொருளைத்தான் தருகிறது; அது நடந்த செய்தியைக் கூறவில்லை. அதோடு நிறுத்திக்கொள்வது நேர்மையாகாது; திருநீலக்குடிப் பதிகத்தில், தம்மைக் கல்லோடு பூட்டி நீரில் தள்ளியதையும், நாமம் சொல்லித் தாம் உய்ந்ததையும் அவரே தன்மையில் சொல்கிறார். எனவே தள்ளப்பட்டார், பிழைத்தார் என்பதற்கு அவருடைய சொந்த வாக்கு இருக்கிறது. கல்லே தெப்பமாக மிதந்தது என்பதற்கு அந்தப் பாட்டில் சான்று இல்லை. கருங்கல் தண்ணீரைவிட இரண்டரை மடங்குக்கு மேல் கனம் என்றால், அதனால்தான் அது அற்புதம் என்பார் அன்பர். அவரிடம் பணிவாக ஒன்று கேட்க வேண்டும்: இதே அளவு சாட்சியோடு வேறொரு மதத்தார் தங்கள் அற்புதத்தைச் சொன்னால் ஏற்பீர்களா?

தாளில் கடைசியாகச் சில வாக்கியங்கள் எஞ்சும். மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினத்தில் நீராடுவேன் என்பது ஒருவர் எடுத்துக்கொள்ளும் உறுதி. அதை மெய் என்றோ பொய் என்றோ சொல்ல இடமில்லை. சோதனையில் தோற்ற வாக்கியத்தை மட்டும் இந்த வரிசையில் கொண்டுவந்து ஒளித்துவைக்கக் கூடாது.

அம்மாவிடமும் இப்படியே எழுதிப் படித்துக் காட்டினேன். உதட்டைப் பற்றிய வாக்கியத்தில் நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அது போகட்டும், எனக்கு மனசு கேட்கவில்லை" என்றார். அதை அப்படியே புது வாக்கியமாக எழுதிக்கொண்டேன். கிரகண இரவில் தங்கைக்கு இட்லியும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொடுத்துவிட்டு, கிரகணம் விடும் வரை நாங்கள் எல்லோரும் அவளோடு அந்த அறையிலேயே உட்கார்ந்திருந்தோம், தம்பியும் இருந்தான்.