நகல் எடுத்ததும் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வையுங்கள்

மடிக்கணினியின் கோப்புகளை வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து முடித்தவுடன், அதைப் பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளையைக் கொடுத்து, யூஎஸ்பி கேபிளைக் கழற்றித் தனியே எடுத்து வையுங்கள். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், சி டிரைவோடு நிற்பதில்லை. அந்த நேரத்தில் இணைந்திருக்கும் டிஸ்க், பென் டிரைவ், பகிரப்பட்ட கோப்புறை என எழுத அனுமதியுள்ள எல்லாவற்றையும் பூட்ட முயல்வதால், எப்போதும் செருகியே கிடக்கும் நகலும் மூலக் கோப்போடு சேர்ந்தே பறிபோகக்கூடும். கழற்றி வைத்த டிஸ்கை ரான்சம்வேரால் தொட முடியாது. கட்டளை கொடுக்காமல் பிடுங்கினால், எழுதி முடியாத கோப்பு சிதைந்துவிடலாம். அந்தச் சில நொடிகளை மிச்சப்படுத்த வேண்டாம்.

கணினியில் ஏற்கெனவே தொற்று இருப்பதாகச் சந்தேகம் எழுந்துவிட்டால் இந்த முறை உதவாது. அதைச் சுத்தம் செய்து முடிக்கும்வரை நகல் டிஸ்கை அதில் செருகவே கூடாது. மடிக்கணினிப் பையிலேயே டிஸ்கையும் வைத்திருப்பவர்களுக்குத் திருட்டிலிருந்தும் இதனால் பாதுகாப்பு கிடைக்காது.