உப்புப் பூத்த சுவருக்குச் சுண்ணாம்புக் காரை

திருவையாறு அருகே, முற்றமும் நாட்டு ஓடும் வைத்து நாங்கள் கட்டிய வீட்டில், இரண்டாவது ஐப்பசி அடைமழைக்குப் பிறகு தாழ்வாரச் சுவர் முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, விரல் பட்டாலே மாவாக உதிர்ந்தது. வண்டல் மண்ணின் ஈரம் செங்கல் வழியே ஏறுவதையும், சிமெண்ட் பூச்சு அதை வெளியே விடாமல் அடைப்பதையும் புரிந்துகொள்ள எனக்கு ஓராண்டு ஆயிற்று. பூச்சு முழுவதையும் கொத்தி எடுத்து, சுவரை ஒரு கோடை முழுதும் காயவிட்டு, 15 நாள் நீரில் ஊறிய சுண்ணாம்பை மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினோம். முற்றத்து நீர் சுவரோரம் தேங்காதபடி வடிகாலையும் ஆழப்படுத்தினோம். உண்மையில் அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். காரை மெதுவாகத்தான் இறுகும் என்பதால், கொத்தனார் சொன்னபடி நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டுக் காத்தோம். 3 மழைக்காலம் கடந்தும் சுவர் உதிரவில்லை. சித்திரை வெயிலிலும் தாழ்வாரம் குளிர்ந்தே இருக்கிறது.