பூநாரைக்குப் பின்னால் அடுக்குமாடியும் தெரியட்டும்

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குக் கேமராவோடு வருகிற பலரும் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும் டெலி லென்ஸை மாட்டி, ரேடியல் சாலை, மின்கம்பி, பெருங்குடிக் குப்பைமேடு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டுப் பூநாரையை மட்டும் எடுக்கிறார்கள். படம் அழகாகத்தான் இருக்கும். அந்தப் பறவை எங்கே நிற்கிறது என்பது மட்டும் தெரியாது. சூழலியல் ஆவணப்படத்துக்கு அதுதானே முக்கியம்?

லென்ஸைக் கழற்ற வேண்டாம். நிற்கிற இடத்தை மாற்றுங்கள். பறவைக்கு நேர் பின்னால் அடுக்குமாடி வரும்வரை சாலையோரமாக நகருங்கள். டெலி லென்ஸில் தூரம் சுருங்கி, இரண்டும் அடுத்தடுத்து நிற்பதுபோல் தெரியும். முதலில் பறவை மேல் ஃபோகஸ். பிறகு அவசரமில்லாமல் ஜன்னல்களுக்கு ஃபோகஸை மாற்றுங்கள். நடுவில் கட் வேண்டாம். கட் செய்தால் பார்ப்பவர் மனத்தில் இயற்கை தனி, மனிதர் தனி என்று பிரிந்துவிடும்.

இதற்கு நான் திரும்பத் திரும்பப் போட்டுக் காட்டும் படம், ஷௌனக் சென்னின் ‘ஆல் தட் பிரீத்ஸ்’ (2022). டெல்லியில் காயம்பட்ட கரும்பருந்துகளுக்கு வைத்தியம் பார்க்கும் சகோதரர்களின் கதை. தொடக்கத்தில் இரவு, கேமரா தரையை ஒட்டி மெல்ல நகர்கிறது. குப்பையில் எலிகள் ஓடுகின்றன, பின்னால் வாகன விளக்குகள். விளக்கக் குரல் இல்லை. அந்த நிதானத்தில்தான் நகரமே ஒரு வாழிடம் என்று நமக்கு உறைக்கிறது. இப்படி எடுக்க டிரைபாட் தலை மெல்ல மட்டுமே திரும்பும் அளவுக்கு இறுக்கி, ஒரு ‘பேன்’ ஷாட்டுக்கு, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பி எடுப்பதற்கு, அரை நிமிடமாவது கொடுங்கள். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் கேமரா சற்று அசையாமல் நிற்கட்டும்.

தாழைக்கோழியின் குரலுக்காக லாரி ஹாரனைத் துடைத்துவிடாதீர்கள். இரண்டும் அந்த இடத்தின் சத்தம்தான். கோடையில் காய்ந்த புல்லுக்குக் கலர் கிரேடிங்கில், அதாவது எடுத்தபின் நிறத்தைச் சரிசெய்யும்போது, பச்சை ஏற்றவும் வேண்டாம்.

பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தளம், அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம், ஆனது போன்ற தகவலை ஒரு வரி எழுத்தாகப் போட்டால் போதும்.

கூட்டமாகப் பறவைகள் எழும்பும் ஷாட்டுக்காக ட்ரோனை மட்டும் விடவே விடாதீர்கள். திரையில் அது பிரமாதமாக இருக்கும்; அவை எழும்புவதோ பயத்தில், மேய்ச்சலைப் பாதியில் விட்டு. தாமாக எழும்வரை காத்திருங்கள். அன்று எழவில்லையென்றால் அந்த ஷாட் இல்லாமலே எடிட் செய்யலாம்.